மாஸ்டரக்கா கத்தரியைக் கொடுத்த நாள்

மாஸ்டரக்கா உட்கார்ந்து பார்த்தவர்கள் யாராவது உண்டா? கிடையாது. டீ குடிப்பது நின்றுகொண்டு. சாப்பாடும் அப்படித்தான், ஒரு கையில் டப்பா, இன்னொரு கையில் அளவு நாடா. கல்யாணப் போட்டோவில் மட்டும் உட்கார்ந்திருக்கிறாள், அதிலும் பாதி எழுந்த மாதிரிதான் இருக்கும். போட்டோக்காரர் பாவம், "உக்காருங்கம்மா, உக்காருங்கம்மா" என்று தொண்டை வற்றக் கத்தினாராம்.

செருப்புக் கடைக்கு மேலே, மாடியில் அவளுடைய தையல் கடை. மூன்று மிஷின், ஒரு ஓவர்லாக், அறையில் பாதியை அடைத்துக்கொண்டு கிடக்கும் வெட்டு மேஜை. மேஜை மாஸ்டரக்காவுடையது. மிஷின்களில் உட்காருபவர்கள் இரண்டு பேர். ஒருத்தி காஜா எடுக்கிறவள், வாய் ஓயாதவள். இன்னொருத்தி மாஸ்டரக்காவின் நாத்தனார், புருஷனின் தங்கை. இவளுக்கு மாஸ்டரக்கா வைத்த பெயர் ஆமை. கூப்பிட்டால் அவள் திரும்பிப் பார்ப்பதற்குள் கூப்பிட்ட காரணம் மறந்துபோகும், அவ்வளவு நிதானம். அவள் போட்ட தையலைப் பிரிக்க வேண்டி வந்ததே இல்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். மாஸ்டரக்கா சொல்ல மாட்டாள், நாமாவது சொல்வோம்.

அந்தக் கடையில் ஒரு சட்டம் இருந்தது. வெட்டுக் கத்தரியை மாஸ்டரக்காவைத் தவிர யாரும் தொடக்கூடாது. ஒரு தடவை காஜாக்காரி அதை எடுத்து ஒரு நூலை நறுக்கிவிட்டாள். அன்று சாயங்காலம் வரைக்கும் அவள் வாங்கிக் கட்டிக்கொண்டது அடுத்த தெரு வரை கேட்டது.

மாஸ்டரக்கா சாமி கும்பிடுவதும் நின்றபடிதான், துணியை வெட்டிக்கொண்டேதான். வாய் முணுமுணுத்தபடி இருக்கும். "ஆண்டவனே, நூல்காரனைச் சீக்கிரம் அனுப்பு. வரும்போது வெள்ளை நூல் கூடவே எடுத்துட்டு வரட்டும். கரண்டு போகாம பாத்துக்கோ. அந்த ரெண்டாவது மிஷின் ஊசியை உடைக்குது, அதைக் கொஞ்சம் என்னன்னு பாரு."

வேன் ஓட்டுகிற அவள் புருஷன் இதைக் கேட்டுவிட்டு ஒருநாள் சொன்னார், "ஏம்மா, இது பிரார்த்தனையா, வேலைப் பட்டியலா? சாமி உனக்கு எடுபிடியா? பாவம்மா அவரு, மூச்சு விட நேரம் குடு."

"நீங்க வந்து ஒத்தாசை பண்றீங்களா? இல்லல்ல? அப்ப அவராவது பண்ணட்டும்" என்றாள் இவள், தலையைக் கூட நிமிர்த்தாமல்.

இப்படிப்பட்ட பெண்ணுக்கு ஒரு தங்கை. சின்னவள் என்றுதான் எல்லோரும் கூப்பிடுவார்கள். அப்பா அம்மா போனபிறகு அக்காதான் அவளுக்குச் சட்டை தைத்துப் போட்டு, தலை வாரி, படிக்க வைத்து ஆளாக்கினாள். சின்னவள் இப்போது பள்ளிக்கூடத்து டீச்சர், கல்யாணம் பண்ணிக்கொள்ளவில்லை, தனியாக ஒரு விடுதியில் இருந்தாள். அவள் வயிற்றில் ஒரு கட்டி. திறந்து பார்த்தால்தான் அது நல்லதா கெட்டதா தெரியும் என்று டாக்டர் சொல்லி, ஆபரேஷனுக்கு நாளும் குறித்துவிட்டார்.

"காலையிலேயே வந்துடுவேன்டி" என்று மாஸ்டரக்கா சத்தியம் பண்ணாத குறையாகச் சொல்லியிருந்தாள். "நான் வராம எவனாவது உன்னை உள்ள தள்ளிட்டுப் போனான்னா, அவனை என் மேஜையில போட்டு வெட்டிடுவேன்."

சொன்னபோது மனதாரத்தான் சொன்னாள். அப்புறம்தான் ஹோட்டல்காரன் போன் பண்ணினான். புதிதாகத் திறக்கப்போகிற பெரிய ஹோட்டல், சமையல்காரர்கள் அத்தனை பேருக்கும் வெள்ளைக் கோட்டு, முழுக்கை. அடுத்த வாரம் என்றிருந்த திறப்பு விழாவை முன்னால் இழுத்துவிட்டார்கள். சரியாக ஆபரேஷனுக்கு மறுநாள் காலை. "முடியுமா முடியாதா, இப்பவே சொல்லிடுங்க" என்றான் அவன். முடியாது என்ற வார்த்தையை மாஸ்டரக்காவின் நாக்கு பழகியதே இல்லை. முடியும் என்று சொல்லிவிட்டாள். சொன்ன நிமிஷத்திலிருந்து காலில் வெந்நீரைக் கொட்டிக்கொண்டவள் மாதிரி மேஜையைச் சுற்றிச் சுற்றி வந்தாள்.

இங்கேதான் ஒரு தொழில் விஷயம் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் நடந்தது புரியாது. துணிக்கு நல்ல பக்கம் என்று ஒன்று உண்டு, வெளியே தெரிய வேண்டிய பக்கம். மேஜையில் துணியை அடுக்கடுக்காக விரிக்கும்போது இந்தக் கோடியில் ஒருவர், அந்தக் கோடியில் ஒருவர் நின்று, மடித்து மடித்துப் போக வேண்டும். போகும்போது நல்ல பக்கம் மேலே, திரும்பி வரும்போது கீழே. அப்புறம் ஒரே அளவு அட்டையை மேலே வைத்து வெட்டினால் ஒன்று இடது கை, அடுத்தது வலது கை என்று ஜோடி ஜோடியாகத் தானாகவே விழும்.

முன்பாகமும் பின்பாகமும் அப்படித்தான் விரித்து வெட்டினார்கள். ஆபரேஷனுக்கு முந்தின நாள் சட்டைக்கைகளை வெட்ட வேண்டிய முறை. அந்தக் கோடியில் ஆமை நின்றாள். ஒவ்வொரு சுருக்கத்தையும் உள்ளங்கையால் நீவி, ஓரத்தை ஓரத்தோடு வைத்து, தள்ளி நின்று பார்த்து, மறுபடியும் நீவி. மாஸ்டரக்காவுக்குப் பொறுக்கவில்லை.

"நீ நீவி முடிக்கிறதுக்குள்ள ஹோட்டலைத் திறந்து மூடிடுவாங்க. போ, போய் காலரைத் தை. நானே விரிச்சுக்கிறேன்."

"ரெண்டு பேர் நிக்கிற வேலை அண்ணி" என்றாள் ஆமை.

"எனக்குத் தெரியும். போ."

தனியாளாக விரித்தாள். மடித்துப் போவதற்கு அந்தக் கோடியில் பிடிக்க ஆள் இல்லை. அதனால் ஒரு அடுக்கை விரித்து, கோடியில் துண்டாக நறுக்கிவிட்டு, ஓடிவந்து இந்தக் கோடியிலிருந்து அடுத்த அடுக்கு. ஓட்டம், நறுக்கு, ஓட்டம். எல்லா அடுக்கிலும் நல்ல பக்கம் மேலேயே இருந்தது. இத்தனை வருஷம் இந்த வேலையில் ஊறினவளுக்கு அது கண்ணில் படவில்லை. படுகிற நிலையிலா இருந்தாள்? வாய் ஆண்டவனுக்கு வேலை சொல்லிக்கொண்டிருந்தது, மனம் ஆஸ்பத்திரியில் இருந்தது, கை மட்டும் அட்டையை வைத்து வெட்டித் தள்ளியது.

மறுநாள் காலை. மாஸ்டரக்கா புடவையை மாற்றிக்கொண்டு, ஆஸ்பத்திரிக்கு வேண்டிய பையையும் எடுத்துக்கொண்டு, "ஒரு பத்து நிமிஷம் கடையைப் பாத்துட்டுப் போயிடறேன்" என்று மாடியேறினாள். ஆமை ஒரு கோட்டை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மிஷின் ஓடவில்லை.

"என்னடி, தூக்கமா?"

"அண்ணி, இந்தக் கை உக்கார மாட்டேங்குது. அடுத்ததை எடுத்துப் பாத்தேன். அதுவும் உக்காரல." மடியிலிருந்ததைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "எல்லாமே இடது கையா இருக்கு" என்றாள்.

மாஸ்டரக்கா வெட்டிய கைகளின் கட்டைப் பிரித்தாள். ஒன்று, இன்னொன்று, அதற்கடியில் இன்னொன்று. எல்லாம் இடது. வலது கையே இல்லாத ஒரு ஹோட்டல். மிச்சத் துணி ஒரு முழம் கூட இல்லை, இருந்த ஒரே சுருளும் தீர்ந்துவிட்டது. தலையில் இடி விழுந்தது என்பார்களே, அன்றைக்குத்தான் அதற்கு அர்த்தம் தெரிந்தது அவளுக்கு.

"ஐயோ, யாரு பண்ண வேலை இது?" என்று காஜாக்காரி வாயெடுத்தாள். ஆமை அவளைப் பார்த்த பார்வையில் அப்படியே வாயை மூடிக்கொண்டாள். யார் வேலை என்று மாஸ்டரக்காவுக்குச் சொல்ல வேண்டுமா என்ன?

ஆனால் அவள் கெட்டிக்காரி, அதை மறுக்க முடியாது. நின்ற நிலையிலேயே வழி கண்டுபிடித்து வாய்விட்டும் சொன்னாள். இடது கைக்கும் வலது கைக்கும் வித்தியாசம் தோளில் வரும் வளைவில்தான். பாதிக் கைகளை எடுத்து, அந்த வளைவை ஒரு விரற்கடை கீழே இறக்கி, திசை மாற்றி வெட்டினால் வலது கை. நீளம் குறையும். கீழே மடிப்புக்கு விட்டிருக்கும் துணியைக் கொஞ்சம் இறக்கினால் சரியாகிவிடும். ஆனால் மொத்தமாக வெட்ட முடியாது. ஒவ்வொன்றாக, பார்த்துப் பார்த்து, கோடு போட்டு வெட்ட வேண்டும். கை கொஞ்சம் தவறினால் அந்தத் துணி கரித்துணிதான்.

பையைத் தூக்கி மூலையில் வைத்தாள். கத்தரியை எடுத்தாள். ஆபரேஷன் பன்னிரண்டு மணிக்குத்தானே, டாக்டர்கள் எங்கே சொன்ன நேரத்துக்கு வந்திருக்கிறார்கள், இன்னும் கொஞ்சம் முடித்துவிட்டு ஓடிவிடலாம். நான் போய் அங்கே என்ன, கத்தியையா பிடிக்கப்போகிறேன்? இப்படித்தான் தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். "ஆண்டவனே, அந்த டாக்டரைக் கொஞ்சம் தாமதமா வரச் சொல்லு" என்று ஒரு வேலையும் மேலே ஏவினாள்.

போன் அடித்தது. சின்னவள்.

"வேலையாக்கா?"

"இதோ கிளம்பிட்டே இருக்கேன்டி. ஒரு சின்னக் குளறுபடி."

"பரவாயில்லக்கா. நீ முடிச்சுட்டே வா. நேரத்தை முன்னாடி தள்ளிட்டாங்க, இப்ப கூட்டிட்டுப் போயிடுவாங்களாம். சொந்தக்காரங்க யாராவது கையெழுத்துப் போடணும்னு கேட்டாங்க. பக்கத்துக் கட்டில் அம்மாவோட பொண்ணு போட்டுச்சு. நல்ல பொண்ணு. அக்கான்னு போட்டுச்சு. சரி, வச்சிடறேன்."

அவ்வளவுதான். அழவில்லை, குறை சொல்லவில்லை. ஒரு வார்த்தை திட்டியிருந்தால் கூட மாஸ்டரக்கா பதிலுக்குத் திட்டிவிட்டு வெட்டிக்கொண்டிருந்திருப்பாள். யாரோ ஒருத்தி அக்கா என்று கையெழுத்துப் போட்டிருக்கிறாள். கத்தரி பாதித் துணியில் நின்றுவிட்டது.

மேஜையைப் பார்த்தாள். மலை மாதிரி இடது கைகள். ஆமையைப் பார்த்தாள்.

"இங்க வா."

ஆமை வழக்கம்போல எழுந்து, மடியிலிருந்த நூலை உதறி, நடந்து வந்தாள். அதற்குள் மாஸ்டரக்காவுக்கு உயிர் போய்த் திரும்பியது.

"நான் சொன்னதைக் கேட்டுட்டு இருந்தேல்ல? ஒரு விரற்கடை. வளைவைத் திருப்பிப் போடு. கோடு போடாம வெட்டாத." கத்தரியை நீட்டினாள்.

ஆமை வாங்கவில்லை. "நானா அண்ணி?"

"பின்ன, உங்க அண்ணனா வெட்டுவாரு? பிடி."

வாங்கிக்கொண்டாள். காஜாக்காரி எழுந்தே நின்றுவிட்டாள், ஏதோ தேசத்தில் ஆட்சி மாறியதைப் பார்த்தவள் போல.

மாஸ்டரக்கா பையைத் தூக்கிக்கொண்டு படியிறங்கினாள். பாதிப் படியிலிருந்து திரும்ப ஏறி வந்து, "ஒவ்வொண்ணா வெட்டு" என்றாள். இறங்கினாள். தெரு வரைக்கும் போய்விட்டு மறுபடி வந்து கீழே நின்றபடியே, "கத்தரியை ஆணியில மாட்டாத, மேஜையிலேயே வை" என்று கத்தினாள். வாசலில் வேனை நிறுத்தியிருந்த புருஷன் ஹாரனை அழுத்திப் பிடித்துக்கொண்டார். "ஏறும்மா, ஏறு. இல்லன்னா அந்த மாடியையும் கழட்டி வேன்ல ஏத்திடறேன்."

வழியெல்லாம் நெரிசல். மாஸ்டரக்கா உட்கார்ந்திருந்தாள் என்றுதான் சொல்ல வேண்டும், ஆனால் இருக்கையில் படாத குறையாக. தன் பக்கம் இல்லாத பிரேக்கைக் காலால் மிதித்தாள். "அந்தப் பக்கம் திரும்புங்க. லாரியை ஒதுங்கச் சொல்லுங்க. ஆண்டவனே, இந்த சிக்னலைப் பச்சையாக்கு. ஆமை அவசரப்படாம பாத்துக்கோ, இல்ல, கொஞ்சம் அவசரப்பட வை."

"மரம் வச்சவன் தண்ணி ஊத்துவான்" என்றார் புருஷன்.

"ஊத்துவான், ஊத்துவான். குழாயைத் திறக்க நான்தானே போறேன் எப்பவும்."

"அதான் இன்னைக்குத் திறக்காம வந்துட்டியே. ஊத்துறாரா இல்லையான்னு பாத்துடுவோம்."

சின்னவளுக்காக என்ன கேட்பது என்று யோசித்தாள். இதை இப்படிப் பிடி, அங்கே வெட்டு, இங்கே தை என்று அவளுக்குச் சொல்லத் தெரிந்ததெல்லாம் துணிக்குத்தான். ஒரு வயிற்றைத் திறந்து அதற்குள் இருப்பதை என்ன செய்ய வேண்டும் என்று அவளுக்கு என்ன தெரியும்? ஆண்டவனே என்றாள். அதற்கு மேல் ஒரு வேலையும் வாயில் வரவில்லை. ஆண்டவனே, ஆண்டவனே என்று அதையே சொல்லிக்கொண்டிருந்தாள். கண்ணில் தண்ணீர் முட்டியது.

"எனக்குப் பயமா இருக்குங்க."

அவர் கியரை மாற்றினார். "எனக்கும்தான்" என்றார்.

ஆஸ்பத்திரியின் நீள நடையில் ஓடினாள். கடைசிக் கதவுக்கு முன்னால் சக்கரக் கட்டில், பச்சைப் போர்வை, சின்னவள். தள்ளிக்கொண்டு போனவரின் முழங்கையை மாஸ்டரக்கா பிடித்த பிடியில் அந்த மனுஷன் திடுக்கிட்டு நின்றுவிட்டார்.

"அக்கா!" சின்னவளின் முகம் மலர்ந்தது. "வேலை முடிஞ்சிடுச்சா?"

"இல்ல."

"அப்ப யாரு வெட்டுறா?"

"ஆமை."

"கத்தரி?"

"அவகிட்டதான் குடுத்துட்டு வந்தேன்."

மலர்ந்த முகம் அப்படியே வெளிறிப்போனது. சின்னவள் போர்வைக்குள்ளிருந்து கையை எடுத்து அக்காவின் புடவையைப் பிடித்துக்கொண்டாள். "டாக்டர் உன்கிட்ட என்ன சொன்னாரு?"

"டாக்டரா? நான் அவரைப் பாக்கவே இல்லடி."

"பொய் சொல்லாதக்கா. எனக்குக் காய்ச்சல் வந்து பேத்தினப்பகூட நீ கத்தரியைக் கீழ வைக்கல. இன்னைக்கு ஆமைகிட்டக் குடுத்துட்டு ஓடி வந்திருக்கேன்னா, நான் பிழைக்க மாட்டேன், அதானே? சொல்லிட்டாங்களா?"

மாஸ்டரக்காவுக்கு அறை வாங்கியது போல இருந்தது. இத்தனை வருஷம் இந்தப் பெண்ணுக்காகத்தான் உழைக்கிறேன் என்று நினைத்திருந்தாள். இந்தப் பெண்ணோ, சாவு வந்தால்தான் அக்கா வருவாள் என்று நினைத்திருக்கிறாள்.

குனிந்தாள். "நல்லாக் கேளு. யாரும் எதுவும் சொல்லல. எவளோ அக்கான்னு கையெழுத்துப் போட்டான்னு சொன்னியே, அது எனக்குத் தாங்கல. அதான் வந்தேன். உள்ள என்ன இருக்குன்னு எனக்குத் தெரியாது. எனக்கும் பயமாத்தான் இருக்கு."

"சாமிகிட்டச் சொன்னியா?"

"என்ன சொல்றதுன்னு தெரியல. உன் இஷ்டம்னு விட்டுட்டேன்."

"நீயா?" என்றாள் சின்னவள். பயத்தோடு பயமாகச் சிரிப்பும் வந்துவிட்டது அவளுக்கு. கட்டில்காரர், "போகலாமா அம்மா?" என்று மெதுவாகக் கேட்டார். சின்னவள் புடவையை விட்டாள். கதவு மூடிக்கொண்டது.

வெளியே நாற்காலிகள் வரிசையாக இருந்தன. மாஸ்டரக்கா ஒன்றிலும் உட்காரவில்லை. நடந்தாள். சுவரில் ஒட்டியிருந்ததையெல்லாம் படித்தாள். சன்னல் திரையின் மடிப்பு கோணலாக இருந்தது, அதைப் பிரித்துத் தைக்க விரல் பரபரத்தது. ஒல்லியான பெண் ஒருத்தி வந்து நின்று, "நீங்கதான் நிஜ அக்காவா?" என்று கேட்டாள்.

"ஆமாம்மா."

"நான் பொய்யா போட்டுட்டேன். தப்பா நினைச்சுக்காதீங்க."

"நீ போட்டதுதாம்மா நிஜம்" என்று சொல்லி அவள் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாள் மாஸ்டரக்கா.

மத்தியானம் ஆமை கூப்பிட்டாள். வழக்கம்போல முதலில் கொஞ்ச நேரம் மூச்சுச் சத்தம்தான். "அண்ணி, ஒரு கை கெட்டுப்போச்சு. ஆழமா வெட்டிட்டேன்."

மாஸ்டரக்காவின் வாய் திறந்தது. வழக்கமான வசவு அத்தனையும் வரிசையாக நாக்கு நுனி வரை வந்தன. ஆமையின் மூச்சில் நடுக்கம் கேட்டது. கத்தரியைக் கையில் வைத்துக்கொண்டு, தனியாக, என்னைப் போலவே பயந்துபோய் நிற்கிறாள் என்று தோன்றியது.

"போகட்டும். ஒரு கோட்டு குறையும்னு ஹோட்டல்காரன்கிட்ட நான் சொல்லிக்கிறேன். மிச்சத்தை வெட்டு."

"இன்னும் நிறைய இருக்கு அண்ணி. முடியுமான்னு தெரியல."

"எனக்கும் தெரியல. உன் வேகத்துலயே வெட்டு."

பேசுவது அண்ணிதானா என்று ஆமைக்குச் சந்தேகம் வந்திருக்கும்.

வெயில் சாய்கிற நேரத்தில் டாக்டர் வந்தார். கட்டியை எடுத்துவிட்டோம், உயிருக்கு இப்போது ஒன்றுமில்லை, ஆனால் அது நல்லதா கெட்டதா என்று பரிசோதனை முடிவு வந்தால்தான் சொல்ல முடியும், அடுத்த வாரம் ஆகும் என்றார். மாஸ்டரக்காவுக்கு அவரை உலுக்கி இப்போதே சொல்லு என்று கேட்க வேண்டும்போல இருந்தது. ஒரு வாரம்! ஒரு சிக்னலுக்கே தவித்தவள்.

சின்னவளை வார்டில் கொண்டுவந்து போட்டார்கள். கண் திறக்கவில்லை. வலியில் முகம் சுளித்தாள், தலையை அப்படியும் இப்படியும் புரட்டினாள். மாஸ்டரக்கா நின்றபடி அவள் நெற்றியைத் தொட்டாள். சின்னவளின் கை எழுந்து, துழாவி, அக்காவின் கட்டைவிரலைப் பிடித்துக்கொண்டது. பிடித்ததும் முகம் அடங்கியது. மாஸ்டரக்கா விரலை லேசாக இழுத்துப் பார்த்தாள். முகம் மறுபடி சுளித்தது.

"அசையாதீங்கம்மா" என்றாள் நர்ஸ். "தூங்கட்டும். அந்த ஸ்டூல்ல உக்காருங்க."

மாஸ்டரக்கா உட்கார்ந்தாள். முதுகு வலித்தது, கால் மரத்தது, மூக்கு அரித்தது. ஒன்றும் செய்ய முடியவில்லை. கடைசியாக எப்போது இவள் இப்படி விரலைப் பிடித்துக்கொண்டு தூங்கினாள் என்று யோசித்தாள், ஞாபகமே வரவில்லை. அதுதான் அவளை அழ வைத்தது. சத்தம் வராமல் அழுதாள், அசையக்கூடாதே.

எட்டாத தூரத்தில், சன்னலோரம் கிடந்த பையில் போன் அடித்தது. ஆமையாக இருக்கலாம், ஹோட்டல்காரனாக இருக்கலாம். எல்லாம் முடிந்தது என்றும் இருக்கலாம், எல்லாம் போச்சு என்றும் இருக்கலாம். மாஸ்டரக்காவின் உடம்பு முழுக்க அந்தப் பையை நோக்கித் துடித்தது.

"எடுத்துத் தரட்டுமா?" என்று நர்ஸ் கேட்டாள். "ஏதாவது அவசரமா இருக்கும்."

"இருக்கும்மா" என்றாள் மாஸ்டரக்கா. "அடிக்கட்டும் விடு."

அது இன்னும் கொஞ்ச நேரம் அடித்துவிட்டு நின்றது. சின்னவள் தூங்கிக்கொண்டிருந்தாள்.